செனட் சம்மதிக்காத பள்ளத்தாக்கு

நிலத்தை விட்டுத் தரும் ஒப்பந்தத்தில் பூர்வகுடித் தலைவன் அன்செல்மோ கையெழுத்துக்குப் பதிலாகத் தன் கீறலைப் போட்ட அன்று மாலையே அவன் ஊர் ஆட்கள் அத்தனை பேருடைய கால்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. கலிபோர்னியா முழுக்கத் தங்கம் தோண்டிக்கொண்டிருந்த காலம். அந்த வாரம் மாவு விலை ஏறியதைப் பற்றித்தான் வெளியாட்களிடையே பேச்சாக இருந்தது. கால்கள் ஏன் எழும்பின என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மக்கள் ஒரு வாக்கைக் கொடுத்தால் கொடுத்த நொடியிலேயே காரியம் முடிந்துவிடும். அமெரிக்க அதிபர் அனுப்பிய தூதர் காகிதத்தை மடித்து முடிப்பதற்குள் அவர்கள் தங்கள் ஓடைக்கரைக்குப் போய், கருவாலி மரங்களுக்கும் முன்னோரைப் புதைத்த மேட்டுக்கும் சொல்லிக்கொண்டு, மண்ணிடம் முறைப்படி விடைபெற்றுவிட்டார்கள். மண்ணும் அவர்களை விட்டுவிட்டது. பதிலுக்கு அதிபர் தருவதாகச் சொன்ன மலையடிவாரப் பள்ளத்தாக்குக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, அது அவர்களைத் தொட மறுத்தது.

அன்செல்மோவின் மனைவி ஃபெர்மினா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. குனிந்து உதிர்ந்த கருவாலிக் கொட்டையைப் பொறுக்கப் போனால் கை ஒரு சாணுக்கு மேலேயே நின்றுவிடும். பாறைக்குழியில் போட்டு இடிக்க வழியில்லை. கிளையிலிருந்து பறித்துக் கசக்கக் கசக்க மென்றார்கள். செத்தவர்களும் குழிக்குள் இறங்க மாட்டேன் என்றார்கள். மரங்களில்தான் கட்டிவைக்க வேண்டியிருந்தது.

கோவேறு கழுதை ஓட்டும் இசித்ரோதான் அடுத்த கோடையில் சேதி கொண்டுவந்தான்.

“அதிபர் ஒத்துக்கிட்டா மட்டும் போதாதாம்க்கா. செனட்டுன்னு ஒரு சபை இருக்காம். அதுல மூணுல ரெண்டு பங்கு ஆளு சரின்னு சொல்லணுமாம். அதான் அவங்க அரசியல் சட்டமாம்.”

“சொன்னாங்களா?”

“கதவச் சாத்திக்கிட்டுப் பேசினாங்களாம். ஒருத்தர்கூட சொல்லல. காகிதத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க.”

ஃபெர்மினா புருஷன் பக்கம் திரும்பினாள். “பெரிய தலைவரு, பெரிய தலைவருன்னு குதிச்சியே! வீட்டுக் கோழியக் குடுக்கணும்னாகூட ஊரக் கேக்கணும் போலிருக்கே அந்தாளு!”

“எனக்கென்னடி தெரியும்? நான் சொன்னா ஊரே சொன்ன மாதிரி. அவரும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்.”

அன்செல்மோ அன்றைக்கு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஒற்றை ஆள் நினைத்தால் நாட்டையே எழுதிக் கொடுத்துவிடக் கூடாதே என்று பயந்து எழுதிய சட்டம் அது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று கீறல் போடச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இதற்கிடையில் ஃபெர்மினாவுக்கு மகள் லூசெரியா பிறந்திருந்தாள். அவள் எதிலும் கீறல் போட்டதில்லை, எந்த மண்ணிடமும் விடைபெற்றதில்லை. தாயின் கைக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் கை நழுவியதும் நேரே புழுதியில் போய் விழுந்தாள். ஊரே கூடி மேலே மிதந்து நின்றது. குழந்தைமேல் எறும்பு ஊர்வதைப் பார்க்க முடிந்ததே தவிர ஒருவர் கையும் எட்டவில்லை. ஃபெர்மினா கதறினாள். குழந்தை வீறிட்டுக்கொண்டே கையை மேலே நீட்டியது. அந்தச் சின்ன விரலைப் பிடித்துத்தான் அவளை மீட்டார்கள்.

வருஷங்கள் போயின. அந்தப் பள்ளத்தாக்கில் தரையில் நடந்தவள் லூசெரியா ஒருத்திதான். ஊருக்கெல்லாம் கொட்டை பொறுக்கினாள், இடித்தாள், கஞ்சி காய்ச்சினாள். ஊர் மறுபடி வயிறாரச் சாப்பிட்டது. ஓர் இலையுதிர் காலத்தில்தான் நிலம் தன்னுடையது என்று ஹோல்கம் என்பவன் அந்தப் பகுதிக் காவல் அதிகாரி ஷெரீப்பைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஷெரீப் குதிரையிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்தார்.

“உங்க யார் மேலயும் குத்தமில்ல. நீங்க இந்த நிலத்துல நிக்கல,” என்றார். பிறகு லூசெரியாவைக் காட்டினார். “இந்தப் பொண்ணு நிக்குது. அத்துமீறல். நாளைக்கும் இதே மாதிரி நின்னா புடிச்சிட்டுப் போயிருவேன்.”

 ஃபெர்மினா மகளைக் கிட்டே கூப்பிட்டாள். “ஏறுடி,” என்றாள்.

“எங்கம்மா?”

“என் முதுகுல. ஏறு சொல்றேன்.”

அன்றிலிருந்து லூசெரியாவை யாரும் கீழே இறக்கவில்லை. ஊர் மறுபடி கசப்புக் கொட்டைக்குத் திரும்பியது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துச் சுமந்தார்கள். அவள் பெரிய மனுஷியானாள், கனமானாள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டாரும் முறையில் சேர்ந்துகொண்டார்கள். புதிதாக அந்தப் பக்கம் வருகிறவர்கள் இரண்டொரு நாள் வெறித்துப் பார்ப்பார்கள், பிறகு பழகிவிடும். ஹோல்கம்கூட எதிரே வந்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போவான்.

“ஒரே ஒரு தடவ இறக்கி வுடும்மா,” என்று அவள் கேட்பதுண்டு. “இறுக்கிப் புடிச்சுக்கோ,” என்பாள் ஃபெர்மினா. அயர்ந்து தூங்கும்போது லூசெரியாவின் கால் தானாக நீண்டு தரையைத் துழாவும். தாய் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.