வலது மூலை

நடையின் அகலம் நாற்பத்து நான்கு அங்குலம், அதில் மேஜைக்குப் பதினான்கு போனால் முப்பது, மூன்று தடவை டேப் பிடித்துப் பார்த்தாயிற்று, முப்பது முப்பதுதான், எனக்காகச் சுவர் இரண்டு அங்குலம் தள்ளி நிற்குமா என்ன... சக்கர நாற்காலி இருபத்தாறு, அதையும் நேற்றே அளந்தேன், நேராகப் போவதென்றால் எப்படியோ போய்விடும், படுக்கையறைக் கதவுக்குத் திருப்பும்போதுதான் இந்த மேஜை இடிக்கும். வீட்டை அலங்கரித்துக் கொடுக்கிறேன் என்று மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், நடைவழிக்கு முதலில் மூன்று அடி விடுங்கள், அழகெல்லாம் அப்புறம் என்று பாடம் எடுக்கிறவள் நான், என் வீட்டு நடையில் ஆசைப்பட்டு இதைக் கொண்டுவந்து போட்டபோது மட்டும் அந்தப் பாடம் எங்கே போயிற்று, வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். மணி பத்தே கால். பதினொரு மணிக்கு மகள் இவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிடுவாள், அதற்குள் இதை எனக்கு விற்ற பழம்பொருள் கடைக்காரர் வந்து மேஜையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், போனால் போகட்டும், ஒரு மேஜைதானே... ஒரு மேஜைதானா? இதை எடுத்துவிட்டால் இவர் இனிமேல் நடக்க மாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா? "கொஞ்ச நாளைக்குத்தாம்மா, அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்" என்றாள் மகள் போனில். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என்ன லட்சணமான மேஜை இது, நூறு வருஷத்துப் பழசு, நான்கடி நீளம், இரண்டு இழுப்பறை, பித்தளைக் குமிழ்கள், கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும் கால்கள், சுவரைப் பார்க்கும் பின்பக்கத்தில் மட்டும் பாலிஷே கிடையாது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று செய்தவர் விட்டுவிட்டார், நான் முதலில் பார்ப்பதே அந்தப் பின்பக்கத்தைத்தான். புதுசைப் பழசாக்கி விற்கிறவர்கள் உப்புத்தாள் போட்டு விளிம்பெல்லாம் ஒரே சீராகத் தேய்த்துவிடுவார்கள், மனிதர் கை அப்படியா தேய்க்கும், அது போகிற இடத்துக்குத்தான் போகும், குமிழுக்குப் பக்கத்தில், இழுப்பறைக்கு அடியில்... கீறலைப் பார்த்தே சாவிக்கொத்தா பொம்மைக் காரா என்று சொல்லிவிடுவேன், இருபது வருஷமாக அதுதானே பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இது வந்து இறங்கிய அன்று இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, "இதுல சாப்பிடவும் முடியாது, எழுதவும் முடியாது, முட்டிகூட உள்ள போகாது, சும்மா செவுத்துல சாஞ்சு நிக்கிறதுக்கு ஒரு மேஜையா? அதுக்குத்தான் நான் இருக்கேனே!" அப்படிச் சொன்ன மனிதர், போன வருஷம் ஒரு வீட்டுக்காரம்மா இதைப் பார்த்து மயங்கி, கொடுத்துவிடேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, "இத மட்டும் குடுத்துடாத, எனக்குப் பழகிடுச்சு" என்றாரே, ஐயோ, எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து மனுஷனுக்கு ரசனை வந்துவிட்டது என்று போன் போட்டுப் போட்டு எல்லோரிடமும் சொன்னேன்.

ஆனால் ஜாடி விஷயத்தில் மட்டும் அந்த ரசனை எங்கே போகுமோ தெரியாது. இடது மூலையில் விளக்கு, வலது மூலையில் நீலப் பீங்கான் ஜாடி, நடுவில் மேலே கண்ணாடி, அப்போதுதான் பார்க்கிற கண் ஓரிடத்தில் நிற்கும். காலையில் நான் வைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் வந்து பார்த்தால் ஜாடி ஆறு அங்குலம் உள்ளே தள்ளியிருக்கும், மறுபடி மூலைக்கு நகர்த்துவேன், மறுநாள் மறுபடி உள்ளே. "எதுக்குங்க இத நோண்டுறீங்க?" என்று கேட்டால், "கை பட்டு விழுந்துடப் போகுது" என்பார். இரண்டு வருஷமாக இந்தக் கூத்து, நான் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டன், வாயைத் திறந்து சண்டை போட்டதில்லை, ஜாடிதான் போய்ப் போய் வந்தது. இரண்டு வருஷம்... டாக்டரும் அதைத்தானே சொன்னார். "குளியலறையில வழுக்கினது கடைசிலதாம்மா, கால் நரம்பு ரெண்டு வருஷமாவே தளர்ந்துக்கிட்டு வந்திருக்கணும், வீட்ல யாரும் கவனிக்கலையா?" எனக்கு வந்ததே கோபம், நல்லாத்தான் இருந்தார் டாக்டர், தினமும் ஆபீஸ் போனார் வந்தார் என்று பொரிந்து தள்ளினேன். கட்டிலில் படுத்திருந்த இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவளைப் பார்த்து, கவனிக்கவில்லையா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஐந்து வாரமாக அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

மணி அடித்தது, கடைக்காரர்தான், கூடவே தூக்குவதற்கு ஓர் ஆள். "சாருக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் மேஜையைத் தடவினார், தடவாமல் இருக்க அவராலும் முடியாது, நான் ஜாடியையும் விளக்கையும் இறக்கித் தரையில் வைத்தேன். வலது மூலைக்கு வந்ததும் அவர் கை நின்றது. "இது என்னம்மா?" பழைய தேய்மானம்தான் அண்ணா, அதற்காகத்தானே வாங்கினேன் என்றேன். "இல்லம்மா, என் சாமான் எனக்குத் தெரியாதா, நான் குடுத்தப்ப இந்த மூலை கண்ணாடியா மின்னுச்சு. இது புதுசு. ஒரே ஆளோட கை. இங்க உள்ளங்கை, இங்க கட்டைவிரல், பாருங்க." வலது கையை அந்த இடத்தில் வைத்துக் காட்டினார், பிறகு குனிந்து அந்த மூலைக் காலை லேசாக ஆட்டினார், அது ஆடியது. "சும்மா வச்ச கையும் இல்ல. பாரம் குடுத்து ஊணின கை. நீங்களா?" நானில்லை, எனக்கு எல்லாமே இடது கைதான். இவ்வளவு நேரமாக இந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இரண்டு வருஷமாக இதைத்தான் துடைக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் இதே இடத்தைத் தொட்டுக் காட்டி, எந்த வீட்டு எஜமானி கையோ, நூறு வருஷத்துக் கதை என்று அளந்திருக்கிறேன்... கடவுளே.

ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் இந்த மூலையில்தான் செருப்பைக் கழற்ற நிற்பார், வந்த கடிதத்தைப் பிரித்து அங்கேயே நின்று படிப்பார், "வாசல்லயே நின்னு படிக்கணுமா, உள்ள வந்து உட்காருங்களேன்" என்றால், "இதோ" என்பார், அந்த இதோ எவ்வளவு நேரம் நீண்டது என்று நான் ஏன் ஒரு நாளும் கவனிக்கவில்லை? கை வைக்க இடம் வேண்டும் என்றுதான் ஜாடியைத் தள்ளினாரா, நான் தினமும் அவர் கை இருக்கும் இடத்தில் கொண்டுபோய் ஜாடியை வைத்தேனா? பழகிடுச்சு என்றாரே, அதையா ரசனை என்று ஊரெல்லாம் சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனிதர், சொன்னால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்... "எடுத்துடலாமாம்மா?" எடுக்க வேண்டாம் அண்ணா, படுக்கையறைக்குள் கொண்டுபோய் வையுங்கள் என்றேன். டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன், கட்டிலில் இவர் படுக்கும் பக்கம், வலது கைக்கு எட்டுகிற இடத்தில் நான் தலை சீவுகிற அலங்கார மேஜை நிற்கிறது, அதை நகர்த்திவிட்டால் நான்கடி தாராளமாக வரும், நாற்காலி வந்து நிற்கவும் இடமிருக்கும். "அதுக்குப் பதிலா இத எடுத்துட்டுப் போங்க." கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், முட்டி போட்டு அந்த ஆடுகிற காலை ஓர் ஆப்பு வைத்து இறுக்கினார், இரண்டு தட்டு தட்டிவிட்டு, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்துப் பார்த்தார். "தாங்கும்."

பத்து ஐம்பத்தைந்து. வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம், மகளின் குரல், "மெதுவாப்பா, மெதுவா". மேஜை கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாயிற்று, விளக்கை இடது மூலையில் வைத்தாயிற்று. "ஜாடிய எங்கம்மா வைக்கணும்?" என்று கேட்ட ஆளிடமிருந்து நானே அதை வாங்கிக்கொண்டேன். மூலையில் வைத்தால், இவள் இன்னும் ஒன்றும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆறு அங்குலம் உள்ளே வைத்தால், பார்த்துவிட்டேன் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும், இரண்டு வருஷமாக எனக்குத் தெரியக் கூடாது என்று அவர் மறைத்தது அத்தனையும் தெரிந்துவிடும். எதை விரும்புவார்? இத்தனை வருஷம் கூட இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை. வாசல் மணி அடித்துவிட்டது, நான் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறேன்.