இடது உள்ளங்காலில் ஒரு மச்சம்

அந்தச் சலவைக் கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. இதைப் பெரியவள் வாயால் கேட்காத வாடிக்கையாளர் அந்தத் தெருவில் கிடையாது. துணி போட வந்தவரிடமும் சொல்வாள், வாங்க வந்தவரிடமும் சொல்வாள், வழி கேட்க நின்றவர் அகப்பட்டால் அவரையும் விடமாட்டாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இஸ்திரிக்காரர், அவள் "நம்ம கடையில..." என்று ஆரம்பித்ததுமே பெட்டியை ஈரத் துணிமேல் ஓங்கி வைத்துப் புகையைக் கிளப்பிவிடுவார்.

பெரியவளும் சின்னவளும் இரட்டைப் பிறவிகள். கடை அப்பா தொடங்கியது. அவரும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். சேர்ந்து என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பெரியவள் காலை ஆறு பத்துக்குப் பிறந்தவள், சின்னவள் ஆறு இருபத்தைந்துக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு பெரியவள் நாற்பத்தேழு வருடமாக ராஜ்யம் செய்துவந்தாள். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பாய்லரைப் பற்றவைப்பது அவள். சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நிற்பது அவள். எந்தக் கறைக்கு எந்த மருந்து, மத்தியானம் என்ன சமையல், சின்னவள் எந்தச் செருப்பு வாங்கலாம், எல்லாவற்றுக்கும் அவளிடமிருந்துதான் உத்தரவு வரவேண்டும். காரணம் கேட்டால் ஒரே பதில்: "அக்கா சொன்னா தங்கச்சி கேக்கணும்."

இரண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏனென்று யாராவது கேட்டால் அழுக்கு மூட்டையைக் காட்டி, "இத்தனை பேரைத் துவைக்கிறது பத்தாதா?" என்பாள் சின்னவள்.

அந்த வாரம் பெரியவள் பேருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பயணிகள் கப்பல் கம்பெனியிலிருந்து. அவர்களுடைய அதிகாரி ஒருவரின் வெள்ளைக் கோட்டில் கொட்டிய இயந்திர எண்ணெயை அவள் சுவடே தெரியாமல் எடுத்துக் கொடுத்திருந்தாள். கப்பலின் சலவைக் கூடத்தை ஆறு மாதம் பார்த்துக்கொள்ள வரமுடியுமா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஃபோனில் சொல்லவும் என்று எழுதியிருந்தார்கள்.

பெரியவளுக்குக் கப்பல் என்றால் உயிர். துறைமுகம் கடையிலிருந்து பத்து நிமிட நடை. கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் துணி சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்துவிடுவாள். இருபத்தோரு வயதிலும் இதேபோல் ஒரு வேலை வீடு தேடி வந்தது. மூத்தவள் வீட்டை விட்டுவிட்டுப் போகலாமா என்று சொல்லித் தானே அதை வேண்டாமென்றாள். இப்போதும் அதையேதான் சொன்னாள். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை, தலையணை உறைக்குள் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மனிதர் வந்து, மஞ்சளித்துப்போன ரசீது ஒன்றை மேசைமேல் வைத்தார். அவருடைய அப்பாவின் அலமாரியில் கிடைத்ததாம். கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்று. தேதியைப் பார்த்தால் நாற்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.

"இருக்காதுன்னு தெரியும். சும்மா கேட்டுப் பாக்கலாம்னுதான்," என்று அவர் சிரித்தார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா இருக்காதுன்னு? உக்காருங்க," என்று சொல்லிவிட்டு ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருகிற துணி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அதிலுள்ள அடையாளங்களை நோட்டில் எழுதிக்கொண்டுதான் தொட்டியில் போடுவார். 'நீலச் சட்டை, காலரில் கிழிசல்.' 'மேசை விரிப்பு, மூலையில் தேநீர்க் கறை.' பிறகு அந்த எண் எழுதிய துணி டேக்கைச் சிவப்பு நூலால் தைப்பார். நாளைக்கு எவனும் வந்து கிழித்தது நீதான் என்று சொல்ல முடியாது. பெரியவள் அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்தாள். 'கோட்டு, கறுப்பு, மூன்றாவது பட்டன் இல்லை' என்று இருந்தது. எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினால், கடைசி மூட்டையில் காகிதத்துக்குள் கோட்டு பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, மூன்றாவது பட்டன் இல்லாமல்.

கடையின் மானம் பிழைத்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அவள் நோட்டை மூடப்போனாள். அடுத்த பக்கத்தில் அதே அப்பாவின் குண்டு எழுத்தில் இப்படி இருந்தது:

'பெண் குழந்தை. எண் 1. காலை 6.10. இடது உள்ளங்காலில் மிளகளவு மச்சம்.

பெண் குழந்தை. எண் 2. காலை 6.25. அடையாளம் எதுவும் இல்லை. நன்றாகக் கத்துகிறது.'

பெரியவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெற்ற பிள்ளைகளையும் விடவில்லையா இந்த மனுஷன்! பிறகுதான் உறைத்தது. இடது உள்ளங்காலில் மச்சம் இருப்பது சின்னவளுக்கு. தினம் மத்தியானம் பெஞ்சில் மல்லாந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள்; அந்த மச்சம் இஸ்திரிக்காரருக்குக்கூடத் தெரியும்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது. பரணிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, தன் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தாள். பித்தவெடிப்பு இருந்தது. மச்சம் இல்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. பெரியவள் என்பதைத் தவிர அவளுக்கென்று வேறொரு பேர் கிடையாது. வீட்டிலும் தெருவிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அது தனக்கு உரியதில்லை என்றால், நாளைக்கு அவள் வாயிலிருந்து வரும் உத்தரவை யார் மதிப்பார்கள்? கீழே இறங்கிக் கோட்டைக் கொடுத்தாள். அந்த மனிதர் வாய் பிளந்து நின்றார். நாற்பத்தேழு வருடப் பெருமையைச் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவளோ ஒரு வார்த்தை பேசவில்லை. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு காத்திருந்து பார்த்துவிட்டு, "முதலாளியம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ?" என்று சின்னவளிடம் கிசுகிசுத்தார்.

புதன்கிழமை அவள் சின்னவளை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "இந்தத் திரைச்சீலைய இன்னிக்கே அலசிடலாமா, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். சின்னவள் பக்கெட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமைக்குள் பெரியவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மச்சம் என்ன பெரிய மச்சம்! துணிகளில் குறி போட அவளிடம் ஒரு மை இருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நூறு தடவை போட்டாலும் போகாது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, மிகுந்த புத்திசாலித்தனத்தோடு, மிளகளவுக்கு ஒரு புள்ளி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நாற்பத்தேழு வருடத்தில் முதல் முறையாகப் பெரியவள் பெஞ்சில் மல்லாந்து படுத்துச் சுவரில் காலைத் தூக்கி வைத்தாள். தன் இடம் பறிபோனதைப் பார்த்துச் சின்னவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கால்ல என்ன அது?"

"எது? ஓ, இதுவா? மச்சம். பிறந்ததிலேருந்து இருக்கு."

"நேத்து வரைக்கும் நான் பாத்ததில்லையே."

"நீ என்னைக்கு எதை ஒழுங்கா பாத்திருக்க?"

சின்னவள் குனிந்து அந்தப் பாதத்தை ஒரு விரலால் தேய்த்தாள். பிறகு மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்; குறி போடும் மையின் வாடை. மோந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பெரியவள் பதறி எழுந்தாள். அவள் அழவில்லை, சத்தம் வராத அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... ஐயோ அக்கா... அப்பா இடது கால்னு எழுதியிருக்காரு. நீ வலது கால்ல வச்சிருக்கியே!"

பெரியவள் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கைக்குட்டைகூட மாறாத கடையில் கால் மாறியிருந்தது. கையும் களவுமாக, இல்லை, காலும் களவுமாக அகப்பட்டுக்கொண்டாள். அதற்கப்புறம்தான் தங்கை சொன்னதன் மற்ற பாதி மண்டையில் ஏறியது.

"அப்பா எழுதினது உனக்கு எப்படிடி தெரியும்?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபது வயசுல அம்மா காட்டினா. எல்லாத்துக்கும் அவ சொல்றதைத்தான் கேக்கணுமான்னு ஒரு நாள் நான் கத்தினேன். அம்மா நோட்டை எடுத்துட்டு வந்தா. அப்பா நம்ம கையில ஒண்ணு, ரெண்டுன்னு டேக் கட்டியிருக்காரு. அத்தை குளிப்பாட்டும்போது நனைஞ்சிடப் போகுதேன்னு கழட்டி வச்சு, திரும்ப மாத்திக் கட்டிட்டாளாம். அம்மா மச்சத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சப்போ நமக்கு ரெண்டு வயசு. நீ அதுக்குள்ள எனக்கு வாய் துடைச்சு விட்டு, அதட்டிச் சோறு ஊட்டிட்டு இருந்தியாம். இவளைப் போய் எப்படித் தங்கச்சின்னு சொல்றதுன்னு விட்டுட்டாளாம்."

"உனக்குத் தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? இருபத்தேழு வருஷமா!"

"அம்மா என்கிட்டதான் கேட்டா, மாத்திடலாமான்னு. ஒரு நாள் பூரா உன்னைக் கவனிச்சேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்த. பாய்லர் புகையில இருமின. பட்டுத் துணி கெட்டுப்போச்சுன்னு கத்த வந்தவன்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்ட. ராத்திரி எனக்குப் பெரிய துண்டை வச்சுட்டு நீ சின்னதை எடுத்துக்கிட்ட. நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், தங்கச்சியாவே இருந்துடலாம்னு."

பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது. ஜன்னலோரக் கட்டில், பெரிய துண்டு, குளிர்காலத்தில் முதல் வெந்நீர், பேருந்தில் உட்கார இடம் என்று சின்னவளாயிற்றே என்று அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. "அடிப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியே! அந்த வெந்நீர் எல்லாம் என்னுதுடி!" என்று ஈரத் துண்டை எடுத்து வீசினாள். சின்னவள் குனிந்துகொண்டாள். துண்டு இஸ்திரிக்காரர் முகத்தில் விழுந்தது.

அவர் அதை எடுத்து நிதானமாக மடித்தார். "மூத்தது மோழை, இளையது காளைம்பாங்க. அது இருக்கட்டும். இனிமே யாரு திட்டினா நான் பயப்படணும்? அதை மட்டும் சொல்லிடுங்கம்மா."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது சின்னவள் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அடுத்த வருஷம் உனக்குக் கப்பல் வேலை வந்துதே. மூத்தவ போகக் கூடாதுன்னு நீ சொன்னப்போ, மூத்தவ நான்தான்னு சொல்லியிருந்தா நீ போயிருப்ப. எனக்குத் தெரியும். ஆனா நீ இல்லாம என்னால இருக்க முடியாதுன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன். அது தப்பு. அதை நினைக்காத நாள் இல்ல."

பெரியவள் தனக்குக் கோபம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. அன்று தானும் அதே பயத்தில்தான் மூத்தவள் பட்டத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டாளோ என்று தோன்றியது. அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சின்னவள் எழுந்து அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கப்பல் கடிதம் இருந்தது. தலையணை உறை துவைப்பவளிடம் எதை ஒளிக்க முடியும்?

"மணி மூணரை. அஞ்சுக்குள்ள சொல்லணுமாம். அக்கா சொன்னா தங்கச்சி கேக்கணும். இது யாரு போட்ட சட்டம்?"

"நான் போட்டதுதான்..."

"அப்போ ஃபோனை எடு."

"பாய்லர்? கடை? அஞ்சு மணிக்கு யாரு எழுந்திருப்பா?"

"நான்தான். ஆறு மாசம். எனக்கு அது நல்லா வேணும்."

பெரியவள் ஃபோனை எடுத்தாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். வருகிறேன் என்று சொல்லும்போது குரல் கிறீச்சிட்டு, எதிர்முனையில் இருந்தவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னாள். வைத்தபிறகு, இடது எது வலது எது என்று தெரியாத அந்தக் கால்களால் கடைக்குள் ஒரு சுற்று ஆடினாள். இஸ்திரிக்காரர் பெட்டியைப் பத்திரமாக ஓரமாக வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவேயில்லை. 'அக்கா' என்று கூப்பிட ஒவ்வொரு முறை வாயைத் திறந்தபோதும் பழைய 'ஏய்'தான் வந்தது. சின்னவளும் அதைக் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் இருவரும் துறைமுக வாசலில் நின்றார்கள். சின்னவள் கண்களுக்குக் கீழே கருவளையம். ஒரு வாரமாக ஐந்து மணிக்கு எழுந்து பழகுகிறாள். பெரியவள் உத்தரவுகளை அடுக்கிக்கொண்டே போனாள். பட்டுக்கு வெந்நீர் கூடாது, பாய்லர் திருகை இறுக்காதே, கம்பளியைப் பிழியாதே. சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவளுடைய புதுக் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

காலருக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. பெரியவள் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு நூலால் தைத்த கடை டேக். அழியாத மையில் 'எண் 2' என்று எழுதியிருந்தது.

"கழட்டிடாத," என்றாள் சின்னவள். "நம்ம கடை டேக் போட்டது எதுவும் இன்னிக்கு வரைக்கும் சொந்தக்காரங்ககிட்ட திரும்பி வந்து சேராம போனதில்ல."

கப்பல் ஊதியது. பெரியவள் அந்த டேக்கைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் உற்றுப் பார்த்தாள்.

"தையல் கோணலா இருக்கு, அக்கா," என்றாள்.