சதுப்பில் கிடைத்த காசுகள்

பன்னிரண்டு ஏக்கர் கைமாறப்போகிறது என்று நெவில் பாஸ்க்கிடம் சொன்னவள் நிலத்துக்காரி ஹிலரி லீடர். சொன்ன இடம் அதே நிலத்தின் இரும்புக் கதவடி. கோதுமை அறுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அறுத்த தாளுக்கு மேல் நடக்க இனித் தடையில்லை. மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரைத் தோளில் சாய்த்து, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டி, வருஷம் பூராவும் இந்த நாளுக்கே காத்துக் கிடந்தவன்போல வந்து நின்றான் அவன். காத்துக் கிடந்தவன்தான்.

"வீடு கட்டப் போறாங்க நெவில். நாப்பத்தஞ்சு வீடு. இன்னும் கையெழுத்து ஆகல. ஆயிடும்."

"எப்ப?"

"வசந்தத்துல மிஷின் இறங்கிடும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நீங்க வந்துட்டுப் போங்க. அப்பா கைகுலுக்கிக் கொடுத்த அனுமதி. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"இந்தக் களிமண்ணுல வீடா? மழை பெஞ்சா சமையலறைக்குள்ள வாத்து நீந்தும். அடியில குழாய் பதிச்சவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப அவங்களுக்கும் நீங்களே பதிச்சுக் கொடுங்க." சிரித்துவிட்டு, அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என் முட்டி ரெண்டும் போச்சு நெவில். பசங்களுக்கு டிராக்டர் சத்தமே ஆகாது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

நார்ஃபோக்கின் அந்தப் பகுதியில் வடிகால் குழாய் பதித்தே முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நெவில். இருபத்திரண்டு வயதில் இதே பன்னிரண்டு ஏக்கரில் நாலடி ஆழத்துக்குக் கையால் பள்ளம் தோண்டி, ஓரடி நீளச் சுட்டமண் குழாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்துப் படுக்கவைத்தான். டிசம்பர் மாதம் அது. களிமண் மண்வெட்டியை விடாது. பிடித்து இழுத்தால் தோள்பட்டை கழன்றுவரும். கடைசியில் முதுகு நின்றுபோக, கம்பெனி ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது. மனைவி கிளெண்டா தன் அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். பதினோரு வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அட்டை வருகிறது.

பயிர் நிற்காத மாதங்களில் ஞாயிறும் புதனும் அவனுக்கு இந்த நிலம்தான். முதுகுக்கு எப்போது முடிந்ததோ அப்போதெல்லாம் வந்து, பத்தொன்பது வருஷம். பகல் முழுக்கக் காதில் அந்தக் கருவியின் பேச்சு மட்டும் கேட்கும். இரும்பென்றால் உறுமும். சாக்லேட் காகிதமென்றால் கீச்சிடும். நல்ல செம்போ வெள்ளியோ என்றால் ஒரே சுருதியில், இரண்டு பக்கம் வீசினாலும் மாறாமல் பாடும். அப்படிப் பாடிய இடங்களில் ரோமர் காலத்துக் காசுகளையும், ஆடைக் கொக்கிகளையும், ஒரு வெண்கலக் கரண்டியின் காம்பையும் எடுத்திருந்தான். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் காட்டி, பதிவு செய்து, திரும்பவும் வாங்கி வைத்திருந்தான்.

வீடு கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் பழைய பொருள் ஏதாவது கிடைத்திருக்கிறதா என்று அருங்காட்சியகப் பதிவைப் பார்ப்பார்கள். இருந்தால் முதலில் தோண்டிப் பார்க்கச் சொல்வார்கள். நிறைய இருந்தால் அந்தத் துண்டை அப்படியே விடச் சொன்னாலும் சொல்வார்கள். நூற்று நாற்பத்து மூன்று என்பது நிறையத்தான். கதவடியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நெவில் இதையே கணக்குப் போட்டான். கெட்டில் கொதிக்கும்போதுதான் உறைத்தது.

அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட பன்னிரண்டு ஏக்கரின் பேரில் இல்லை. எல்லாம் ஆற்றோரச் சதுப்பில் கிடைத்ததாக அவனே எழுதிக் கொடுத்திருந்தான்.

பித்தலாட்டம் பண்ணுவதற்காகச் செய்ததல்ல. அந்தத் தொழிலில், தொழில் என்று சொல்லக்கூடாது, அந்தப் பைத்தியத்தில், எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காசைக் காட்டலாம், இடத்தைக் காட்டக்கூடாது. பக்கத்து ஊரில் ஒருவன் எடுத்த வெள்ளிக் காசு எந்த வயலில் கிடைத்ததென்று வெளியே கசிந்து, ஒரே வாரத்தில் திருட்டுக் கோஷ்டி ராத்திரியில் புகுந்து அந்த வயலை அம்மைத் தழும்பாக்கிவிட்டுப் போனது. விவசாயி அவனை அதற்கப்புறம் உள்ளே விடவே இல்லை. அந்த மாதம்தான் நெவில் தன் முதல் காசைப் பதிவு செய்யப் போயிருந்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். ஒரு நொடி யோசித்தான். வரைபடத்தில் ஆற்றோரத்தில் விரலை வைத்தான். மாடுகூட இறங்காத இடம்; எந்தத் திருடனும் பூட்ஸைத் தொலைக்க அங்கே வரமாட்டான். ஒருமுறை சொன்னபின் மறுமுறையும் அதையே சொல்லவேண்டியதாயிற்று.

மாதத்தின் முதல் செவ்வாயன்று அருங்காட்சியக அதிகாரி ரோவீனா தர்ட்டில் ஊர் நூலகத்தில் மேஜை போட்டு உட்காருவாள். லென்ஸ், சின்னத் தராசு, கேமரா. மண்ணிலிருந்து எடுத்ததைக் கொண்டுபோய் வைத்தால் இன்னதென்று சொல்லிப் பதிவு செய்வாள். நெவில் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்விடுவான். மாதத்தில் அவன் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் அவள்.

அந்தச் செவ்வாயன்று அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றவன் கோர்டன் பன். பை நிறையப் பழைய பொத்தான்களும் குளிர்பான டப்பா வளையங்களும் கொண்டுவருகிற ஆள்.

"என்ன கிழவா, இன்னிக்கும் சதுப்பா? சாக்ஸுக்குள்ள தவளை இருக்கான்னு பாத்துக்கிட்டியா?"

"உன் வளையத்தையெல்லாம் கோத்து உன் பொண்டாட்டி கழுத்துல போடு. போ."

கோர்டன் போனதும் நெவில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ரோவீனா அவனுடைய வெறும் கைகளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கொண்டுவரலையா, சதுப்பு ராஜா?"

அந்தப் பேரை அவள்தான் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். அந்தக் காலத்து ஜனங்கள் தண்ணீரில் குடியிருந்த ஏதோ தெய்வத்துக்குக் காசும் கொக்கியும் வீசிக் காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள், இந்தச் சதுப்பு ஒரு கோயில் மாதிரி என்று. லண்டனில் போய் அதைப் படித்துக் காட்டினாள். கைதட்டினார்களாம். கடைசிப் பக்கத்தில் நெவில் பாஸ்க்குக்கு நன்றி என்று அச்சாகியிருந்தது. அந்த ஒரு தாளை அவன் பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருந்தான். எடுத்தால் தன் பொய்தான் முதலில் கண்ணில் படும். இருந்தும் படிப்பான்.

"ரோவீனா, அந்தச் சாமானெல்லாம் சதுப்புல கிடைச்சது இல்ல."

"எந்தச் சாமான்?"

"எல்லாமே."

சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. திருடர்கள், விரலை வைத்தது, லீடர் நிலம், நாற்பத்தைந்து வீடு. அவள் லென்ஸை எடுத்து அதன் உறைக்குள் போட்டாள், திரும்ப எடுத்தாள்.

"நான் யார்கிட்டயும் இடத்தைச் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா நெவில்?"

"தெரியும், கண்ணு."

"தெரிஞ்சுமா?"

"முதல்ல தெரியாது. தெரிஞ்சப்புறம் மாத்திச் சொல்ல வெக்கமா போச்சு. அப்புறம் நீ அந்தக் கட்டுரை எழுதிட்ட."

அவள் காது மடல் சிவந்தது. "ஒரு தெய்வத்தையே கண்டுபிடிச்சு வச்சிருக்கேன் நான்," என்றாள். அதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப மாத்தி எழுதினா நிலம் தப்பிக்குமே."

"எப்படி எழுதறது? வீடு கட்டறவன் கேப்பான்: பத்தொன்பது வருஷம் ஒண்ணு சொன்னாரு, நிலம் போகுதுன்னதும் வேற ஒண்ணு சொல்றாரு, எதை நம்பறதுன்னு. நான் என்ன சொல்லட்டும்? அந்த நூத்தி நாப்பத்து மூணுக்கும் நேரா 'இடம் நம்பத்தக்கதல்ல'ன்னுதான் போட முடியும். சதுப்பும் போச்சு, உங்க நிலமும் போச்சு."

அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்து வந்தவள் ஒரு பழைய மண்பாத்திரச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். ரோவீனா நாட்காட்டியைப் புரட்டினாள்.

"சனிக்கிழமை வரேன். என் கண்ணு முன்னால, அந்த மண்ணுலேர்ந்து எடுங்க. நாலஞ்சு எடுத்தாப் போதும். நான் பாத்தேன்னு நான் எழுதுவேன். அது நிக்கும்."

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஹிலரிக்கும் ஆட்சேபம் இல்லை. "எது வந்தாலும் வரட்டும், எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல," என்று கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். நெவில் நல்ல இடம் எது என்று தெரிந்து ஓக் மரத்துக்கு எதிரிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு முனையிலும் மூங்கில் குச்சி நட்டு, அதற்கு நேராக வரிசை பிடித்து, டிடெக்டரின் அடித்தட்டை மண்ணோடு உரசவிட்டு மெதுவாக வீசினான். ரோவீனா நோட்டுப் புத்தகத்தோடு கூடவே நடந்தாள்.

முதல் மணிநேரத்தில் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி மூன்று. கசங்கிய ஈயம் ஒன்று. இரண்டாம் மணிநேரத்தில் டிராக்டர் மரை, மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடு, ஒரு குளிர்பான வளையம்.

"கோர்டனுக்குக் கொடுங்க, சந்தோஷப்படுவாரு," என்றாள் ரோவீனா. மூன்றாம் மணிநேரத்தில் அவள் இந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை.

ஒன்றும் கிடைக்காததன் காரணம் அவனுக்குத் தெரியும். ரோவீனா வருவாள் என்று தெரிந்த அன்றிலிருந்தே தெரியும், நினைக்காமல் ஒதுக்கிவைத்திருந்தான். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுப் பழகாத ஆள். முழம் முழமாக, குறுக்கும் நெடுக்குமாக, பத்தொன்பது வருஷம் வழித்தெடுத்துவிட்டான். ஆழமாக உழுதாலாவது அடியில் கிடப்பது மேலே வரும். ஹிலரி உழவை நிறுத்தி நாலு வருஷம். மேல்மண்ணைக் கீறி விதைப்பதோடு சரி. அந்த நாலு வருஷத்தில் அவனுக்கே கிடைத்தது இரண்டு காசு. கிடைக்காததைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும்தான்.

சட்டையின் இடது பாக்கெட்டில் மூன்று காசு இருந்தது. காலையில் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தான். எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் இந்த நிலத்தில் எடுத்தவைதான். இந்த ஓக் மரத்தடியிலிருந்து. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தால் அது பொய்யா?

ரோவீனா பிளாஸ்கைத் திறக்க வேலியோரம் போனாள். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நெவில் குனிந்தான். தோண்டி வைத்திருந்த வெறுங்குழியில் இருப்பதிலேயே தேய்ந்த காசைப் போட்டு, ஒரு கைப்பிடி மண்ணைத் தள்ளி, மேலே தட்டை வீசினான். கருவி பாடியது. எத்தனை நூறு முறை கேட்ட சுருதி! இப்போது காதில் விழுந்தபோது கூசியது.

"ரோவீனா! இங்க வா!"

ஓடித்தான் வந்தாள். முழங்காலிட்டுத் தானே மண்ணைக் கிளறினாள். காசை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்து, பாதியில் நின்றது. லென்ஸை எடுக்கவில்லை.

"இதை நான் படம் எடுத்திருக்கேன், நெவில்."

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

"அரசரோட மூக்கு போயிருக்கு. ஓரத்துல எலி கடிச்ச மாதிரி இருக்குன்னு நான்தான் எழுதினேன். நீங்க கொண்டுவந்த ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். நீங்க மறந்திருப்பீங்க. எனக்கு அதுதானே வேலை?"

"அது இங்கதான் கிடைச்சது. இதே இடத்துல. சத்தியமா."

"தெரியும்."

"தெரியும்னா?"

"நம்பறேன். இன்னிக்குப் பூரா நீங்க இந்த மண்ணுல நடந்ததைப் பாத்தேன்ல. எந்தப் பக்கம் திரும்பறது, எங்க மெதுவா போறதுன்னு கால் தானா போகுது. இங்கதான் கிடைச்சிருக்கும், எல்லாமே."

"அப்ப எழுதிடேன். நீ நம்பினா எழுதலாமே."

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கோபமாக இருந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒரு தடவை நம்பித்தானே எழுதினேன்," என்றாள்.

காசை அவன் கையில் வைத்தாள். பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீர் வேலிக்கல்மேல் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு மூடியில் ஊற்றியிருந்தாள். தன்னுடையதைக் கீழே கொட்டிவிட்டு, அவனுடையதை அப்படியே விட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். அடுத்த மாதச் செவ்வாயன்று வரலாமா என்று கேட்க வாய் எடுத்தான். எதைக் கொண்டுபோவது? கேட்கவில்லை.

கார் சத்தம் ஓய்ந்ததும் குழியை மூடி மிதித்தான். குச்சி நட்ட வரிசையில் இன்னும் இரண்டு பாக்கி. அரைகுறையாக விட்டுப் போக மனம் வரவில்லை. ஹெட்போனைக் காதில் ஏற்றிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நடந்தான். தோட்டா அடியைத் தவிர எதுவும் பேசவில்லை. முனையில் திரும்பியபோது ஹிலரி கதவடியில் நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ. அவன் கையைத் தூக்கினான். அதற்குள் அவள் திரும்பி, வலிக்கிற முட்டியோடு மெதுவாக வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.