தம்பிக்கு வந்தது நோய்

"எனக்கும் ஒரு வாட்டி அந்த மேடம்கிட்ட பேசணும்மா."

அன்பரசி இதைச் சொன்னபோது பாப்பம்மாள் மகனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி காலரின் மேலேயே நின்றுவிட்டது. துணி சுடும் வாடை எழுந்த பிறகுதான் அவள் கையை நகர்த்தினாள்.

"எந்த மேடம்?"

"தம்பி போறானே, அவங்கதான்."

"ஒனக்கு எதுக்குடி?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதும்மா. ஃபேக்டரி லைன்ல நிக்கும்போது மூச்சு முட்டுது. போன வாரம் ரெண்டு தடவ அந்த வெள்ளை உடுப்பக் கழட்டிப் போட்டுட்டு வெளிய ஓடியாந்துட்டேன். சூப்பர்வைசர் பேர் எழுதிக்கிட்டாரு."

பாப்பம்மாள் சட்டையைத் திருப்பிப் போட்டாள். "ஒனக்கு வந்தது காத்து. அத அப்பவே எறக்கியாச்சு லா. தம்பிக்கு வந்தது நோயி. ரெண்டும் ஒண்ணா? அதுவும் ஒரு மணி நேரத்துக்கு நூத்தம்பது வெள்ளி. ஒருத்தனுக்குக் குடுக்கவே முழி பிதுங்குது, ரெண்டு பேருக்கு எங்க போறது? போ, முகத்த கழுவிட்டு காடிய வெளிய எடு, தம்பிய ஏத்து. பத்து மணிக்கு அவன் அங்க இருக்கணும்."

அந்த நூற்றைம்பது வெள்ளி அன்பரசியின் சம்பளத்திலிருந்துதான் போகிறது என்பதைப் பாப்பம்மாள் அறியாதவள் அல்லள். அதைச் சொல்லிக் காட்டும் வழக்கம்தான் அந்த வீட்டில் இல்லை. மகள் சம்பாதிப்பது வீட்டுக்கு, மகனுக்குச் செலவழிப்பதும் வீட்டுக்கு என்று அவள் உளமார நம்பினாள். அவளைக் கொடியவள் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அவர்கள் குடியிருந்த கரங்கானில் அவளைப் போன்ற தாய்மார் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு.

அன்பரசிக்கு முப்பத்தொரு வயது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாக வேலை. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், கண்கள் மட்டுமே வெளியே தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நிச்சயித்த மாப்பிள்ளை வேறொருத்தியை மணந்துகொண்ட மூன்றாம் மாதம், அந்த உடைக்குள்ளேயே அவள் மயங்கி விழுந்தாள். விழித்தபோது கைகால்கள் நடுங்கின. ஒரு வாரம் அவளால் சோறு விழுங்க முடியவில்லை.

அப்போது யாரும் டாக்டரைத் தேடவில்லை. செர்டாங் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணம் நின்ற பெண்ணைக் காற்று சுலபமாகப் பிடித்துக்கொள்ளுமாம். சாமியாடி அவளுடைய தலைமயிரை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு, வேப்பங்கொத்தால் முதுகில் அடித்து, "யாரு நீ? பேர சொல்லு!" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெயர் சொல்லும் வரை அடி ஓயாது என்பது நாற்பதாவது அடியிலோ ஐம்பதாவது அடியிலோ அவளுக்கு விளங்கியது. அந்தத் தோட்டத்தில் என்றோ தூக்குப் போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடி நின்றது. அவள் குணமாகிவிட்டாள் என்று வீட்டில் அனைவரும் முடிவு செய்தார்கள். கோழி, சாராயம், பூசைச் சாமான் எல்லாமாகச் சேர்த்து அன்றைக்கு ஆன செலவு ஐந்நூறைத் தாண்டியது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தீபனின் கதை வேறு. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், சென்ற ஆண்டு இறுதியில் ஒரே ஒரு பையோடு வீடு திரும்பி அறைக்குள் படுத்துவிட்டான். குளிக்கவில்லை, பேசவில்லை. காற்று என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. "படிப்பு பிரஷர் லா, நெறைய படிக்கிற புள்ளைங்களுக்கு வரும்" என்றார் தாய்மாமன் யோகேந்திரன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அப்பா பக்கிரிசாமி, பேச்சே இல்லாதவர், அவரே நான்கு பேரிடம் விசாரித்தார். கூலிம் பட்டணத்தில் சந்திரா என்றொரு அம்மையார் இருப்பதாகத் தெரியவந்தது. இருபத்தாறு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளில் மனநல ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழிலேயே பேசக்கூடியவர்.

ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அன்பரசி தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். எழுதுபொருள் கடையொன்றின் மாடியில் சந்திராவின் அறை. வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஐம்பது நிமிடங்களில் அவள் பட்டதைப் பொறாமை என்று சொல்வதன்றி வேறு வழியில்லை. மூடிய கதவைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி அவ்வளவு நேரமும் வேறு எந்த வேலையும் பாராமல் தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைத்துப் பொறாமைப்பட்டாள். அவன் வெளியே வரும்போது கையில் கசங்கிய டிஷ்யூ இருக்கும். அதன்மீதுகூட அவளுக்குப் பொறாமை வந்தது. தன் முகத்தைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அவள் துடைத்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. அம்மா அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அன்பரசியின் நோய்க்கோ செத்துப்போன யாரோ ஒருத்தியின் பெயர்.

வீடு திரும்பினால் அவனுக்கு முட்டை அடித்த மைலோ ஒரு குவளை காத்திருக்கும். "தட்ட அங்கயே வையி ராசா, அக்கா கழுவிடுவா" என்பாள் பாப்பம்மாள்.

சட்டை காலர் சுட்ட அன்றைக்கு, நாற்பது நிமிடம் கழிந்ததும் கதவு திறந்தது. சந்திரா எட்டிப் பார்த்தார். நரைத்த தலை, சாதாரணக் கைத்தறிச் சேலை.

"அக்கா நீங்கதானே? ஒரு பத்து நிமிஷம் உள்ள வாங்கம்மா. தம்பி சம்மதத்தோடதான் கூப்புடுறேன். தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அன்பரசி உள்ளே போய் நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"வீட்டுல தம்பிக்கு எப்படி உதவி பண்ணலாம்னு சொல்லலாம்னுதான்..." என்று தொடங்கிய சந்திரா, அவளுடைய கைகள் கார்ச் சாவியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

இரண்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவள் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"எனக்கு எவ்ளோ மேடம்? நான் வந்தா எவ்ளோ கொறைப்பீங்க?"

சந்திரா சிரிக்கவில்லை. "கொறைக்கிறது பெரிய விஷயம் இல்லம்மா. ஆனா ஒரே வீட்டுல அக்கா தம்பி ரெண்டு பேரையும் நானே பாக்கக் கூடாது. அவர் என்ன சொல்லியிருப்பாருன்னு நீங்க யோசிப்பீங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு அவர் யோசிப்பாரு. யாருக்கும் வாய் தொறக்காது."

அன்பரசியின் முகம் வாடியது. இந்தக் கதவும் அவனுக்குத்தான்.

"இருங்க, நான் முடிக்கல. அரசாங்க ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு. அங்க ஷீலான்னு ஒருத்தங்க இருக்காங்க. எங்கிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க, இப்ப நல்ல அனுபவம். மொதல்ல பக்கத்து கிளினிக்குல டாக்டரப் பாருங்க, அவங்க கடுதாசி குடுப்பாங்க. தேதி கெடைக்க ஒரு மாசம் ஆகலாம். செலவு மிஞ்சிப் போனா அஞ்சு வெள்ளி."

"அஞ்சு வெள்ளியா?"

"ஆமாம்மா. பார்க்கிங் காசு அதவிட ஜாஸ்தி."

திரும்பும் வழியில், ரப்பர் மரங்கள் முடிந்து செம்பனை தொடங்கியபோது தீபன் பேசினான்.

"உள்ள நான் என்ன பேசுறேன்னு தெரியுமாக்கா?"

"எனக்கு எதுக்கு லா? ஒன் விஷயம்."

"உன்னப் பத்திதான். அஞ்சு வாரமா உன்னப் பத்திதான் பேசுறேன். அன்னைக்கு கோயில்ல ஒன் தோள புடிச்சிக்கச் சொன்னாங்கல்ல, நான்தானே புடிச்சிக்கிட்டேன். விட்டுடுடா, விட்டுடுடான்னு நீ சொன்ன. நான் விடல. கேஎல்ல படிக்கும்போது ரூம்ல படுத்தா அதேதான் காதுல கேக்கும்."

அன்பரசி காரை ஓரமாக நிறுத்தினாள். தம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. வந்தது பொறாமைதான்.

"என் முதுகுல விழுந்த அடிக்கு நீ போய் அழுதுட்டு வர்றியா?" என்றாள். "அதுக்கும் நான்தான் காடி ஓட்டணுமா?"

தீபன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அடுத்த வாரத்துலேர்ந்து எனக்குப் பதிலா நீ போக்கா."

"ஒன் மிச்சம் எனக்கு வேணாம்." அவள் மறுபடியும் வண்டியைக் கிளப்பினாள். சற்றுத் தூரம் போன பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "நீ போறத நிறுத்தாத. எனக்கு வேற எடம் இருக்கு."

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அரசாங்க மருத்துவமனை, அனுபவமுள்ள ஆள், ஐந்து வெள்ளி. செலவுதான் தடை என்று காலையில் சொன்ன தாய் இப்போது மகிழ்வாள் என்று எதிர்பார்த்த அளவுக்கு அவள் அப்பாவி அல்லள். ஆயினும் பதில் இவ்வளவு விரைவாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"அஞ்சு காசா இருந்தாலும் வேணாம்."

"ஏம்மா?"

"ஏனா? அங்க நம்ம தமான் குடியிருப்புல இருக்கிற பொம்பளைங்க பாதிப் பேரு மருந்து வாங்க வரிசையில நிக்கிறாளுங்க. பக்கிரிசாமி மவ மூள ஆஸ்பத்திரியில குந்தியிருந்தாள்னு ஒருத்தி பாத்தா போதும். வர்ற மாசம் செர்டாங்குலேர்ந்து ஒன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க, ஞாபகம் இருக்கா இல்லையா? தம்பிய யாரும் பாக்கல, மாடிக்குப் போறான் வர்றான். பாத்தாலும் ஆம்பளப் புள்ள, படிப்பு பிரஷருன்னு சொல்லிடலாம். ஒனக்கு என்னான்னு சொல்றது?"

"காத்துன்னு சொல்லிக்கலாம் போல. அது மட்டும் கௌரவமா?"

"காத்து வரும், போவும்டி. பைத்தியம் போவாது. வேணும்னா இன்னொரு வாட்டி கோயிலுக்குப் போவோம்."

பக்கிரிசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தீபன் தலையை நிமிர்த்தினான்.

"அம்மா, அக்கா போவட்டும். கோயில் வேணாம்."

பாப்பம்மாளின் குரல் உடனே குழைந்தது. எழுந்து போய் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். "நீ டென்ஷன் ஆவாத ராசா. மேடம் என்ன சொன்னாங்க? சும்மா எதையும் மனசுல போட்டுக்காத." பிறகு மகளைப் பார்த்து, "பாத்தியா, நல்லா வந்துக்கிட்டிருந்த புள்ள. ஒன்னாலதான்," என்றாள்.

அக்காவுக்காக அவன் பேசிய ஒரு சொல்லும் அவனுடைய நோய்க் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. அன்பரசி தன் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். தம்பி தன்னுடைய தட்டைத் தானே கழுவும் ஓசை கேட்டது. பாப்பம்மாள் பதறித் தடுக்கும் ஓசையும் கேட்டது.

கடிதம் வாங்க ஒரு நாள் போனது. தேதி வர ஐந்து வாரம் ஆயிற்று. பெண் பார்க்க வருவது வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில் கொடுத்த தேதியோ அதற்கு முந்திய புதன்கிழமை. அன்பரசி வேலை முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடே நேராகப் போனாள். வீட்டில் பொய் சொல்லவில்லை, கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

மனநலப் பிரிவின் வராந்தாவில் நீல நாற்காலிகள் ஏறக்குறைய நிறைந்திருந்தன. ஓர் இடத்தில் கைப்பை வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டவரைப் பார்த்ததும் அன்பரசிக்கு அடையாளம் தெரிந்தது. அவர்கள் வீட்டு வரிசையில் கடைசி வீட்டு மருதம்மாள். கோயில் திருவிழா என்றால் அம்மாவோடு சேர்ந்து பொங்கல் வைப்பவர்.

"அட, அன்பு! நீயா?" மருதம்மாளின் கண்கள் அவளுடைய சீருடையில் மேலும் கீழுமாக ஓடின. பின் அவருக்கு விளங்கிவிட்டது போலிருந்தது. "தம்பிக்கு மருந்து வாங்க வந்தியா? பாவம், படிச்ச புள்ள."

இதைவிட எளிதான வாசலை யாரும் திறந்து தர முடியாது. ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"இல்லக்கா. எனக்குத்தான்."

மருதம்மாள் தம் மடியில் கிடந்த பச்சை நோயாளி அட்டையை, பெயர் எழுதிய பக்கம் தெரியாதபடி, மெல்லக் கவிழ்த்துக்கொண்டார். மறைத்து மறைத்துப் பிடித்ததில் அதன் மூலைகள் நைந்திருந்தன.

"அன்பு," என்றார் தாழ்ந்த குரலில். "நான் நாலு வருஷமா வர்றேன். வூட்டுல முட்டி வலின்னு சொல்லியிருக்கேன். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத, ஆ."

உள்ளேயிருந்து ஓர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அது அன்பரசியுடையது. அவள் எழுந்தாள்.

"ஒங்கள நான் பாக்கலக்கா," என்றாள். "ஆனா என்னப் பாத்தேன்னு நீங்க சொல்லுங்க. யார் கேட்டாலும் சொல்லுங்க."