ரேவன்கில் அருவிக்கு ஒரு பாட்டு

புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் சரியாக ஒன்பது நாள் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்குவதாக முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களில் யாருக்கும் டாமரிஸ் ஹெப்வொர்த்தைத் தெரியாது. வீடு வீடாகப் போன அறிவிப்புத் தாளில் இருந்த ஒரு வரியைத்தான் அவர்கள் நம்பினார்கள்: 'பள்ளிக்கூடம் போகாத ஒரு மில் பெண், ரேவன்கில் அருவியின் அடியில் உட்கார்ந்து பாடியவை.'

டாமரிஸ் அந்த அருவியைப் பார்த்ததே இல்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. போன குளிர்காலத்தில், அவள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தேவாலயத்து ஞாயிறு வகுப்பில், தன் பாட்டைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாட்டுக்குத் தலைப்பு இல்லை. 'நீ' என்று யாரையோ கூப்பிடும், அவ்வளவுதான். பாதிரியாரின் மனைவி திருமதி தர்ஸ்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரேவன்கில் அருவிதானே? சொல்லாமலே தெரியுது பொண்ணே," என்றார். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல டாமரிஸுக்கு நா எழவில்லை. தலையை ஆட்டிவிட்டாள்.

அந்தத் தலையாட்டல் முதலில் தலைப்பாயிற்று. பிறகு புத்தகமாயிற்று. புத்தகம் வந்த கையோடு ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை வாங்கித் தருவதாகத் திருமதி தர்ஸ்பி வாக்குக் கொடுத்திருந்தார். டாமரிஸுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பத்து வருடமாக நூற்புக் கூடத்துப் பஞ்சுத் தூசி அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது வயதில் படியேறினால் இருமினாள்.

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு மறுநாள், திங்களன்று, மில்லுக்கு விடுமுறை. திருமதி தர்ஸ்பியின் குதிரை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. கூடத்தில் பக்கத்து இயந்திரத்தில் அறுந்த நூலை முடிச்சுப் போடும் பெக், வாசலில் நின்றுகொண்டு கத்தினாள்.

"ஏடி மகாராணி! திரும்பி வந்தா எங்களைத் தெரியுமா? இல்ல, யாரு இந்தப் பஞ்சு மூஞ்சின்னு கேப்பியா?"

"போடி. சிரிக்க வெக்காத, இருமல் வருது."

வண்டியில் டாக்டர் ஆரெல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தினமும் பெய்யும் மழையை அளந்து நோட்டில் எழுதுபவர். தன் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று பெயர். அதனால்தான் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. இந்த மாதிரிப் புத்தகங்களின் முதல் பக்கத்தில், 'இந்தப் பெண்ணே எழுதியது, நான் அறிவேன்' என்று ஒரு பெரிய மனிதர் சான்று தருவது வழக்கம். சான்று இல்லாவிட்டால் பெயர் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

அருவிக்குப் போகும் வழியெல்லாம் திருமதி தர்ஸ்பி புகைபோக்கிகளைத் திட்டிக்கொண்டு வந்தார். "நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த ஆத்துல மீன் இருந்துச்சு டாக்டர். இப்போ சாயம் ஓடுது. இதுக்கு நடுவுல இந்தப் பொண்ணு அருவியைப் பாடுறா. இவளை அந்தக் கூடத்துல இருந்து நான் வெளிய கொண்டுவந்தே தீருவேன்." டாமரிஸின் காலில் இருந்த பூட்ஸ்கூட அந்த அம்மாளுடையதுதான். பெரிதாக இருந்ததால் முன்பக்கம் துணி அடைத்துக் கொடுத்திருந்தார்.

அருவி உயரமாக, வெள்ளையாக விழுந்தது. டாமரிஸ் அண்ணாந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. முதல் தடவை சந்திக்கும் பெரிய மனிதர் முன்னால் நிற்பதுபோல் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உன் இடம் எது? எந்தப் பாறையில உக்காருவே?" என்றார் டாக்டர்.

அவள் ஏதோ ஒரு பாறையைக் காட்டினாள். அதில் பாசி வழுக்கியது.

"சரி, பாட்டைச் சொல்லும்மா."

சொன்னாள்.

*மூச்சை இழுக்கிறாய், ஒரு கணம் நிற்கிறாய்;*
*மூச்சை விடுகிறாய், பாறை நடுங்கும்.*
*வெண்புகை மூச்சில் என் விழி நனையும்;*
*மறுபடி நிற்கிறாய், நானும் நிற்கிறேன்.*

"இன்னொரு தடவை."

மூன்று தடவை சொல்லவைத்தார். கையில் கடிகாரம் திறந்திருந்தது.

"டாக்டர், கவிதைக்குமா நாடி பிடிப்பீங்க?" என்று திருமதி தர்ஸ்பி சிரித்தார்.

"நாடி இருக்கே, மேடம். நாலு வரிக்குப் பதினோரு நொடி. மூணு தடவையும் அதே பதினொண்ணு. என் நோயாளி எவனுக்கும் இவ்வளவு சீரா ஓடாது." அருவியின் பக்கம் கையை நீட்டினார். "இதைக் கேளுங்க. இது எங்க நிக்குது? நான் கால் மணி நேரமா பாக்குறேன், ஒரு கணம்கூட நிக்கலை. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. விழுந்துகிட்டே இருக்கு."

"கற்பனைதானே!"

"அந்த 'பாறை நடுங்கும்'? அதுவும் இவ எழுதினதுதானா?"

"அவ 'கூரை'ன்னு எழுதியிருந்தா. அருவிக்கு ஏது கூரை? நான்தான் மாத்தினேன்."

டாக்டர் கடிகாரத்தை மூடினார். குரலில் கோபம் இல்லை. "ஏம்மா, எனக்கு உன்மேல வருத்தம் ஒண்ணும் இல்லை. ஆனா இந்த அருவியைக் கேட்டவங்க இதை எழுதலை. அப்படின்னா வேற யாரோ எழுதினதுன்னுதான் நான் நினைக்கணும். யாரோடது இது?"

திருமதி தர்ஸ்பியின் முகம் வெளுத்தது. கிட்டே வந்து டாமரிஸின் தோளைத் தொட்டார். "பயப்படாதே. இங்க உக்காந்துதான் எழுதினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும். அவரை நான் சம்மதிக்க வெக்கிறேன்."

ஒரு வார்த்தைகூட வேண்டாம். போன தடவை மாதிரி தலையை ஆட்டினால் போதும். பள்ளி வேலை, தூசி இல்லாத அறை, மூச்சு எல்லாம் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் உலகத்திலேயே அதிகம் வெறுக்கும் பொருளைத்தான் அவர் கண்ணீர்விட்டு ரசித்தார் என்று ஆகும். ஆனால் தலையாட்டினாலும் சும்மா இருந்தாலும் டாக்டர் கணக்கில் பாட்டு வேறு யாருடையதோ ஆகிவிடும். அதைத்தான் டாமரிஸால் தாங்க முடியவில்லை. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அருவி இரைச்சலில் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமாகப் பேசினாள்.

"எழுதினது நான்தாங்க. இந்த அருவியை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். மன்னிச்சுக்கங்கம்மா. அது எங்க மில்லுல ஓடுற நீராவி எஞ்சின்."