தரையில் படாத பீப்பாய்

விதோசவாவின் நிலவறையில் இருந்த முசுக்கொட்டை மரப் பீப்பாய் தரையை விட்டு எழும்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால், அதைப் பற்றி இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டார்கள்:

“எதுக்குன்னு வைக்கிறீங்க, வீட்டுக்காரம்மா?”

“அதான் சொன்னேனே. கல்யாணத்துக்கு.”

“யாரோட கல்யாணத்துக்கு?”

“இந்த வீட்டுல நடக்கப்போற கல்யாணத்துக்கு. அதுக்கு மேல உங்களுக்கு என்ன, மூடிக்காரரே? மூடிய எடுத்துட்டுக் கிளம்புங்க. பொழுது சாயுது.”

1968ஆம் ஆண்டு, நவம்பர் எட்டாம் தேதி, புனித திமித்ரியின் திருநாள். யாசெனோவா கிராமத்தில் பிளம் ஊறலைக் காய்ச்சி முடிக்கும் நாள் அது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் அந்த வருடத்து ரக்கியாவில், அதாவது பிளம் சாராயத்தில், ஆகச் சிறந்ததை ஒரு பீப்பாயில் நிரப்பி, அது எதற்கென்று அக்கம்பக்கத்தார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைப் பேறு, கல்யாணம், குலப் புனிதரின் திருநாள், சாவு இவற்றில் ஒன்றைச் சொல்லலாம். சொன்ன பிறகு மாற்றக் கூடாது, வேறு காரியத்துக்குத் திறக்கவும் கூடாது. விதோசவாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மரம் வெட்டப் போன இடத்தில் கணவனைப் பறிகொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வீட்டில் அவளையும் ஒரு பசுவையும் பதினொரு கோழிகளையும் தவிர யாரும் கிடையாது. குலத் திருநாளுக்கு என்று சொல்லத்தான் அவள் காலையில் நினைத்திருந்தாள். ஆனால் பகல் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆண்கள் பேசிய பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பெண் கைபட்டால் ஊறல் புளித்துப்போகும் என்றார் ஒருவர். தச்சர் மிலுன் இன்னும் ஒருபடி மேலே போய், “பீப்பாய நிரப்பி என்ன பண்ணப் போற தாயி? முட்டைக்கோஸ் ஊறப்போடவா?” என்றார். அந்த வேகத்தில் அவள் வாயிலிருந்து வந்தது, கல்யாணத்துக்கு என்று. முற்றமே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள், ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கல்யாணம் ஆகாமல் தனியாக இருந்த ஓப்ராத். அவன் தனியாக வந்து கேட்டதும், அவள் சொன்ன பதிலும்தான் மேலே இருப்பது.

ஓப்ராத் சாராயக் கொப்பரையின் செப்பு மூடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடைப் பலகையைத் தாண்டிய நேரத்தில் பீப்பாய் ஒரு விரற்கடை எழும்பியது. பார்த்தவர் மிலுன். இன்னொரு குவளை கிடைக்குமா என்று கீழே போனவர், பீப்பாய்க்கு அடியில் தன் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார், பிறகு தொப்பியை விட்டுப் பார்த்தார். இரண்டும் தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தன. மேலே வந்து, சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து உரித்தபடி, “பீப்பாய் தரையில இல்ல” என்றார். எல்லோரும் வரிசையாக இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண் கைபட்ட ஊறலைப் பற்றி அதற்குப் பிறகு யாசெனோவாவில் யாரும் பேசவில்லை.

மூடி ஏன் ஓடை தாண்டிப் போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சாராயக் கொப்பரையை விதோசவாவின் மாமனாரும் ஓப்ராத்தின் அப்பாவும் கூட்டாக வாங்கினார்கள். 1938இல் பிளம் கிளை முறியக் காய்த்தபோது முதலில் காய்ச்சுவது யார் என்று சண்டை வந்தது. சண்டையின் முடிவில் ஒருவர் கொப்பரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், மற்றவர் மூடியையும் குழாயையும் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிவிட்டார். முப்பது வருடம் இந்த வீட்டில் கொப்பரைக்கு மரத் தட்டைப் போட்டுக் காய்ச்சினார்கள், அது தீய்ந்து நாறியது. அந்த வீட்டில் சோப்புக் காய்ச்சும் பாத்திரத்தின் மேல் மூடியைப் பொருத்திக் காய்ச்சினார்கள், அதைக் குடித்தவர்கள் வாயில் நுரை வந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். புது மூடி வாங்க ஒருவருக்கும், புதுக் கொப்பரை வாங்க இன்னொருவருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மாமனார் சாகும்போது, இந்த வீட்டு ஆட்கள் அந்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஓப்ராத்தின் அப்பா கொஞ்சம் இளகிய மனசுக்காரர். “மூடிய எடுத்துட்டுப் போய்க் காய்ச்சிக்கடா. ஆனா அந்தக் கூரைக்குக் கீழ ஒரு ராத்திரிகூட அது தங்கக் கூடாது. அவங்களா வாயத் திறந்து கேட்டாலொழிய” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டு சத்தியமும் ஊருக்கே மனப்பாடம்.

ஆகவே வருடத்துக்கு மூன்று நாள் கொப்பரையும் மூடியும் சேர்ந்தன. ஓப்ராத் விடிந்ததும் மூடியோடு வருவான். விதோசவா மக்காச்சோள மாவையும் சாம்பலையும் பிசைந்து இடுக்கில் அப்பி அடைப்பாள். தீயை அவன் பார்த்துக்கொள்வான், வடிவதை அவள் பார்த்துக்கொள்வாள். தீ விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். பிளம் கட்டை, பீச் மரக் கட்டை எது எப்போது வேண்டும் என்று ஆவியின் சத்தத்தைக் கேட்டே சொல்வான். ஆனால் மூக்கு அவளுடையது. குழாயிலிருந்து முதலில் சொட்டுவது முழங்கால் வலிக்குத் தேய்க்க மட்டும்தான் ஆகும். அது எந்தச் சொட்டோடு முடிகிறது, நல்லது எந்தச் சொட்டில் தொடங்குகிறது என்று உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து அவள் குடத்தை மாற்றுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அவள் ரக்கியாவைப் புட்டியில் குலுக்கினால் விளிம்பில் மணிமாலை போலக் குமிழ்கள் கோத்து நிற்கும், நூறு எண்ணும் வரை உடையாது. மொராவா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் நாற்பது எண்ணுவதற்கே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஓப்ராத் மூடியைக் கழற்றி, துடைத்து, முதுகில் கட்டிக்கொண்டு போய்விடுவான். சூடு ஆறாத செம்பு அவன் சட்டையின் முதுகில் ஒவ்வொரு வருடமும் ஒரு வட்டத்தைப் பொசுக்கியது. அவன் சட்டைகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

மூன்றாம் நாள் அவன் ஓடையைத் தாண்டும்போது பீப்பாய் ஒரு விரற்கடை ஏறும். ஏறினால் அடுத்த வருடம் வரை அங்கேயே நிற்கும். மிலுன் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வருடத்தை எழுதுவார். பீப்பாயை இறக்கச் செய்யாத வேலை இல்லை. எருதுச் சங்கிலியால் கட்டினார்கள், சங்கிலி நீண்டது. ஆறு ஆண்கள் மேலே ஏறி உட்கார்ந்தார்கள், அவர்களையும் சுமந்துகொண்டு அது அப்படியே நின்றது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். பீப்பாய் பளபளப்பானதோடு சரி. வரி அதிகாரி ஒருவர் வந்து, நிலவறைத் தரையில் இருப்பதற்குத்தானே வரி என்று நெடுநேரம் யோசித்து, ‘வழியில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போனார். கோழிகள் அதன் நிழலில் முட்டையிட்டன. ஆறேழு வருடத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது, பழகியதும் பெருமையாகிவிட்டது. சந்தையில் வேறு ஊர்க்காரன் தன் ரக்கியாவைப் பற்றி அளந்தால், யாசெனோவாக்காரன் நிதானமாகக் கேட்பான்: “உங்க பீப்பாய் தரையிலதானே இருக்கு?”

1976இல் பூ விடும் நேரத்தில் பனி பெய்து ஊர் முழுக்க ஒரு பிளம்கூடக் காய்க்கவில்லை. காய்ச்ச ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஓப்ராத் விடிந்ததும் மூடியோடு வந்து நின்றான். விதோசவாவும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மாவு பிசைந்தாள், இடுக்கை அடைத்தாள். வெறும் தண்ணீரை ஊற்றி மூன்று நாள் காய்ச்சினார்கள். அவன் தீயைப் பார்த்தான், அவள் சொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து குடத்தை மாற்றினாள். “எப்படி வந்திருக்கு, வீட்டுக்காரம்மா?” என்று அவன் கேட்டதற்கு, “போன வருஷத்த விடத் தேவல. நீங்க தீய ஒழுங்காப் பாத்தா இன்னும் நல்லா வரும்” என்றாள். அந்த வருடம் மட்டும் பீப்பாய் இரண்டு விரற்கடை ஏறியது. மிலுன் கோடு போட்டுவிட்டு, மேலே வந்து, விதோசவாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். யாரோட கல்யாணத்துக்கு என்று கேட்டவன், அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவான் என்றுதான் முதல் ஐந்தாறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றைப் பின்னிப் பெட்டியில் வைத்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. அவன் வாய் அப்பாவின் சொல்லால் கட்டப்பட்டது. கேட்க வேண்டியது இந்த வீடு. இந்த வீடு என்றால் அவள்தான். எதையும் கேட்பதில்லை என்று மாமனாருக்குத் தந்த சத்தியம் ஒருபக்கம். ஆனால் உண்மையைச் சொன்னால், சத்தியத்தைவிட அவள் கழுத்தைப் பிடித்தது வேறு. ஆண் துணையில்லாமல் வீட்டை நிமிர்த்தி நிறுத்திய பெண், நூறு எண்ணும் ரக்கியாவைக் காய்ச்சுகிற பெண், போய் ஒருவனிடம் கேட்பதா? ஒவ்வொரு வருடமும் அந்த வார்த்தை தொண்டை வரை வரும். ஒவ்வொரு வருடமும் அவள் அதை விழுங்கிவிட்டு, “ஓடைப் பலகை வழுக்கும், பாத்துப் போங்க” என்பாள்.

1986இல் பீப்பாயின் தலை உத்தரத்தைத் தொட்டது. மிலுன் பத்தொன்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். “தாயி, அடுத்த வருஷம் இது ஏறினா உத்தரம் போகும். உத்தரம் போனா வீடே கெளம்பிடும். பசுவக் கொட்டில்ல கட்டி வை” என்றார். அந்தப் பத்தொன்பது கோடுகள் இன்றைக்கும் அந்த நிலவறைச் சுவரில் இருக்கின்றன. இருபதாவது கோடு இல்லை.

அடுத்த வருடம், ரக்கியா காய்ச்சும் இரண்டாம் நாள். தீக்கு முன்னால் குந்தியிருந்த ஓப்ராத், அவள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

“வியன்னாவுல இருந்து என் அக்கா மகன் ஒரு கொப்பரை அனுப்பியிருக்கான். புதுசு. மூடி, குழாய் எல்லாம் சேத்து முழுசா.”

விதோசவாவின் கை குடத்தின் மேல் நின்றது. “நல்லதாப் போச்சு. இனிமே ஓடையத் தாண்டற வேலை மிச்சம்.”

“ஆமா. மிச்சம்.”

“எப்படி இருக்கு?”

“தெரியல. பெட்டியப் பிரிக்கல.”

“எப்ப வந்துச்சு?”

“ஈஸ்டருக்கு.”

அவள் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் குடத்தை மாற்ற மூன்று சொட்டுத் தாமதித்தாள். அவன் அதைக் கவனித்தான், ஆனால் சொல்லிக்காட்டவில்லை. ஈஸ்டரிலிருந்து இலையுதிர் காலம் வரை ஒரு பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிற ஆண்பிள்ளை எதைச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டால் அடுத்த வருடம் அவன் வர மாட்டான். அவளிடம் மூடியில்லாத கொப்பரையும், தரையில் படாத பீப்பாயும்தான் மிஞ்சும்.

திமித்ரி திருநாளன்று மத்தியானமே முற்றம் நிறைந்துவிட்டது. வீடு கிளம்புவதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். யாசெனோவாக்காரர்கள் அவர்களுக்கு வேலியோரமாக நல்ல இடம் ஒதுக்கி, பன்றிக் கொழுப்பு வறுவலும் சூடான ரக்கியாவும் கொடுத்தார்கள். வீடு போனாலும் ஊர்ப் பெருமை போகக் கூடாது என்பதில் எல்லோரும் குறியாக இருந்தார்கள். மிலுன் கரிக்கட்டியோடு நிலவறையில் இறங்கினார். கடைசிக் குடம் நிறைந்தது. விதோசவா புட்டியைக் குலுக்கினாள். ஊரே சத்தமாக எண்ணியது, நூற்றுப் பதினேழு வரை போனது. அந்த வருடத்து ரக்கியாதான் அவள் வாழ்நாளில் காய்ச்சியதிலேயே உயர்ந்தது, அந்த மூன்று சொட்டுத் தாமதத்தையும் சேர்த்து.

ஓப்ராத் மூடியைக் கழற்றினான். துடைத்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தான். முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, “வர்றேன், வீட்டுக்காரம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தான். கூட்டம் வழிவிட்டது. அவன் சட்டையில் புது வட்டம் பொசுங்கத் தொடங்கியதை விதோசவா பார்த்தாள். அவன் வேலிக் கதவைத் தாண்டியபோது வீட்டுக்குள் பலகைகள் முனகின. ஓடையை நோக்கி அவன் இறங்கியபோது கூரையிலிருந்து இரண்டு ஓடுகள் சரிந்து விழுந்தன, கோழிகள் முற்றத்தின் நடுவுக்கு ஓடி வந்தன. “தாயி, உத்தரம் வளையுது!” என்று கீழிருந்து மிலுன் கத்தினார்.

விதோசவா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். வீடு போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வீட்டை மறுபடியும் கட்டிவிடுவாள், அதற்கு அவளுக்குக் கை இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டை முதுகு ஓடைக்கு அந்தப் பக்கம் போனால் திரும்பி வராது. முற்றத்தின் நடுவுக்கு நடந்து வந்தாள். தலைத்துணியைச் சரிசெய்து, குனியாமல் நிமிர்ந்து நின்றாள். அவன் ஒரு காலைப் பலகையில் வைத்திருந்தான். மூடிக்காரரே என்று கூப்பிடத்தான் அவள் வாய் பழகியிருந்தது.

“ஓப்ராத்!” என்றாள், வந்திருந்த எல்லா ஊருக்கும் கேட்கும்படி. “அந்த மூடிய இறக்கு. இன்னிக்கு ராத்திரி அது இந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கணும். நான் கேக்கறேன், நல்லாக் கேட்டுக்கோ, இந்த வீடு கேக்குது. மூடிய மட்டும் இல்ல. நீயும் இரு.”