பேதி உப்புக் குடித்த அந்தூரியம்

அந்தூரியத்தின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கி மூன்று வாரமாகிவிட்டது. துறைமுகக் கந்தோருக்கு வேலைக்குப் புறப்படுமுன் பாக்கியரத்தினம் தினமும் பூதக்கண்ணாடியோடு அதன்முன் குந்திவிடுவான். வேலிக்கு அப்பால் மீன் வெட்டிக்கொண்டே அயல்வீட்டு றுக்கியா கேட்பாள்:

“என்ன டாக்குத்தர், நாடி ஓடுதா?”

“ஓடுது ராத்தா.”

“நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தீங்களா?”

அவன் சிரிக்கமாட்டான். மனைவி காய்ச்சலில் இறந்துபோன இந்தப் பத்து மாதத்தில் யாரும் அவனிடம் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. அக்கா முறையில் அவன் ராத்தா என்றழைக்கும் றுக்கியா மட்டும் விடுவதாக இல்லை.

மனைவி பிஸ்கற் டின்னில் நட்டு, வேலியோரப் பலகையில் வைத்த பூச்செடிக் கண்டு அது. அவளுடைய தங்கை வள்ளிநாயகி சல்லிக் கிராமத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லியிருந்தாள்.

“அத்தான், மாதக் கடைசியிலயும் இது இப்பிடியே கிடந்தா நான் கொண்டுபோயிடுவன். உங்களையே ஆர் பாக்கிறதெண்டு தெரியேல்ல, நீங்கள் கண்டு பாக்கிறீங்களாம்.”

டின் இல்லாத பலகையை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவன் தாவரவியல் படித்தவன். நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மஞ்சளானால் மக்னீசியக் குறை. பாடப்புத்தகத்தில் நிறப்படமே இருந்தது. இலையோரம் கருகுவது படத்தில் இல்லை. ஆகவே அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை. மக்னீசியத்துக்குப் பேதி உப்பு வேண்டும். மருந்துக்கடைக்குப் போனான்.

“ஆருக்கு சேர்?” என்றார் கடைக்காரர் சரீப்.

“பூக்கண்டுக்கு.”

“எத்தனை நாளா வெளிக்குப் போகேல்ல?”

உணவுத் தட்டுப்பாட்டில் பாணுக்கே கியூ நின்ற எழுபத்துமூன்றாம் ஆண்டில், கடையில் நின்றவர்களுக்கு அன்று சிரிக்க ஒன்று கிடைத்தது.

உப்பைக் கரைத்து ஊற்றினான். ஐந்தாம் நாள் இன்னும் இரண்டு இலை கருகியது. அப்போதுதான் டின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். பேதி உப்பு கசக்கும். இது கரித்தது. அவன் ஊற்றாத உப்பு.

மறுநாள் கந்தோருக்குப் போவதுபோல் வாசல் படலையை இழுத்துச் சாத்திவிட்டு, வீட்டுக் கதவின் பின்னால் நின்றுகொண்டான். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலே ஒரு சட்டி எழுந்தது.

“பிஸ்மில்லாஹ்” என்றபடி அந்தூரியத்தின் மேல் சட்டியைக் கவிழ்த்தாள் றுக்கியா.

“ராத்தா!”

சட்டி விழுந்து உருண்டது.

“அல்லாஹ்! கள்ளன் மாதிரி நிக்கிறீங்க!”

“என்ன தண்ணி அது?”

“மீன் கழுவின தண்ணிதான். உங்கட மனிசி ஒவ்வொரு நாளும் ஊத்தினவ. பத்து மாசமா உங்கட குசினியில மீன் வெட்டினதே இல்ல. நீங்க கடையில சாப்பிடுறீங்க. கண்டு எந்தக் கடைக்குப் போகும்? பாத்துப் பாத்து மனசு கேக்காமல் ஒரு மாசத்துக்கு மேலா நான்தான் ஊத்துறன்.”

அவன் டின் விளிம்பின் வெள்ளையைச் சுரண்டிக் காட்டினான்.

“அவ மீனைக் கிணத்துத் தண்ணியில கழுவினவ, ராத்தா. உங்கட மீன்?”

“எங்கட மனிசன் வள்ளத்திலயே கடல் தண்ணியில அலசி, அந்தத் தண்ணியோடதான்…” றுக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள். “நானா கருக்கினன்?”

“பாதி நீங்கள். மிச்சம் நான். பேதி உப்பு.”

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

அன்று அரைநாள் லீவு போட்டான். டின்னின் அடித்துளையால் வழிந்தோடும்வரை நல்ல தண்ணீர் வார்த்தான். நாலாவது வாளிக்குப் பிறகு வழிந்ததை ருசி பார்த்தான், கரிப்பில்லை. பழைய மண்ணைத் தட்டிவிட்டு, தேங்காய்ப் பொச்சுத் துண்டும் கரியும் கலந்து நட்டான்.

“இனி சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?” என்றாள் றுக்கியா.

“கிணத்துத் தண்ணியில மீன் கழுவி ஊத்தலாம்.”

“அது எங்கட மனிசனிட்டச் சொல்ல ஏலாது. உங்களிட்டயும் குசினி இருக்குதுதானே?”

மாதக் கடைசியில் வள்ளிநாயகி பெரிய பையோடு வந்தாள். கருகிய இலைகள் கருகியபடியே இருந்தன. நடுவில் ஒரு குருத்து மட்டும் செம்மையாகச் சுருண்டு நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“என்ன அத்தான் மணக்குது?”

“மீன்குழம்பு.”

“ஆர் சமைச்சது?”

“டாக்குத்தர்தான்!” வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. “கண்டுக்கெண்டு வாங்கின மீன். மிச்சத்தை மனிசனும் தின்னத்தானே வேணும்?”

வள்ளிநாயகி குசினிக்குள் போய் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

“இதைக் கண்டுக்கு ஊத்திப்போடாதீங்கோ, செத்துப்போகும்.”

கொண்டுவந்த பையை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

“சாப்பாட்டுக் கோப்பையை எடுங்கோ அத்தான். சோறு ரெண்டு பேருக்குக் காணுமா?”